கருவி வாங்குபவர் ஒருவர், முகம் கொடுப்பவர் ஒருவர்

(சுங்கை பூலோ வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பள விஷயம் பேசுவேன் என்று எண்ணி வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் பேசப்போவது காரின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியைப் பற்றி. “செக்ரோல் எழுதுகிற கைக்கு ஸ்பானர் எதற்கு?” என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது என் காதில் விழுகிறது. சிரிக்கட்டும். சொல்லி முடித்த பிறகு அவரே தம் மகனைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்பது என் நம்பிக்கை.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் இந்தச் சுங்கை பூலோவில்தான் இருந்தது. உலகமெங்கும் பால்மரம் நட்டவர்களுக்குத் தெரிந்த பெயர் நம் ஊர்ப் பெயர். அந்த நிலத்தில் 2,330 ஏக்கர் இன்று குவாசா டாமன்சாரா என்ற புது நகரமாகிக்கொண்டிருக்கிறது. 2016-இல் அங்கே ரயில் நிலையமும் திறந்தாயிற்று. மரம் போன இடத்தில் சாலை வந்தது. சாலை வந்த இடத்தில் கார் வந்தது. கார் வந்த இடத்தில் பட்டறை வந்தது. அந்தப் பட்டறையில் காருக்கு அடியில் படுத்திருப்பவன் யார்? தாத்தா பால் வெட்டினார், தந்தை பால் வெட்டினார், பேரன் கையில் ஸ்பானர் பிடித்திருக்கிறான். நம் பிள்ளைதான் தோழர்களே! ஆகையால் இது நம் விஷயம்.

என் அக்காள் மகன் ஒருவன். வயது 19. ஒரு சிறு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. யாரையும் தூற்றுவது என் நோக்கமன்று. ஒரு சிறு காரின் முன்பக்க அப்சோபரை மாற்றச் சொன்னார் தவுக்கே. பையன் இரண்டு கொக்கிக் கம்பிகளை ஸ்பிரிங்கில் மாட்டி, காற்றுத் துப்பாக்கியால் முடுக்கினான். பாதி அமுங்கியதும் ஒரு கொக்கி வழுக்கியது. மறு பக்கத்துக் கொக்கி மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, ஸ்பிரிங் வாழைப்பழம் போல் வளைந்து துள்ளியது. மேல் தட்டு அவன் தாடையில் அடித்தது. இரண்டு பல் போயிற்று. மூன்று வாரம் கஞ்சிதான் குடித்தான். என் அக்காள் அழுத அழுகையை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை.

“கவனமில்லாத பையன்” என்றார் தவுக்கே. அந்த ஒரு வார்த்தையில் கணக்கை முடித்துவிடப் பார்த்தார். நான் கணக்கு எழுதுகிறவன். அவ்வளவு சுலபமாக முடிக்க விடுவேனா? போய் அந்தக் கருவியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கம்பியின் மரை தேய்ந்து வழவழவென்றிருந்தது. கொக்கி ஒருமுறை முறிந்து, ஒட்டு வைக்கப்பட்டிருந்தது. வழுக்காமல் பூட்டும் ஊசியைக் காணோம். எத்தனை கிலோ தாங்கும் என்று ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. பையன் கவனமாகத்தான் இருந்தான் தோழர்களே! அந்தக் கருவியை வாங்கியவரிடத்தில்தான் கவனம் இல்லை.

அதன் பிறகு அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் முன் சக்கரத்தில் அப்சோபரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கின்றன. மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் அமைப்பு அது. நம் நாட்டில் 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் முன்பக்கம் அந்த அமைப்புதான். தூணின் உச்சியில் ஒரு ரப்பர்த் தாங்கி உண்டு. நாம் வெட்டும் பால் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறது! அதன் நடுவில் ஒரே ஒரு நட்டு. தூணைக் காரிலிருந்து கழற்றிக் கீழே வைத்த பிறகும், அந்த ஸ்பிரிங் முழுதும் நிமிர்ந்துவிடுவதில்லை. அந்த ஒரு நட்டுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கைக் கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், கட்டவிழ்த்த எருமைதான்!

எவ்வளவு பலம் என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சென்டிமீட்டர் அமுங்க 25 கிலோ பாரம் கேட்கும் ஸ்பிரிங் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 375 கிலோ. அதாவது, நம்மில் ஆறு பேர் ஏறி நிற்கும் பாரம் அந்தச் சுருளுக்குள் அடைந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டால் வெளிவரும் சக்தி, 28 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். 2 கிலோ இரும்பின் மேல் அத்தனை சக்தியும் சேர்ந்தால், கணக்குப்படி அந்த இரும்பு 14 மீட்டர் உயரம், தென்னை மரத்தின் உச்சி வரை போகும். உராய்வில் கொஞ்சம் வீணாகலாம். மிச்சம் உள்ளது ஒரு முகத்துக்குப் போதாதா?

இனி கருவிகளைப் பார்ப்போம். பட்டறைகளில் காண்பவை பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, இரண்டு கொக்கிக் கம்பி. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். விபத்துக்குப் பேர்போனதும் இதுதான். சுருள் சரிவாக ஓடுவதால், பாரம் ஏற ஏறக் கொக்கி சுருளின் மேல் நழுவப் பார்க்கும். இரண்டும் நேர் எதிராக நிற்க வேண்டும். ஒரே பக்கம் கூடிவிட்டால் ஸ்பிரிங் வளையும். இரண்டாவது, மூன்று கொக்கி உள்ளது. மூன்று புறமும் பிடிப்பதால் வளைவது குறையும். ஆனால் எல்லாத் தூண்களிலும் மாட்ட இடம் இராது. மூன்றாவது, சுருளின் நடுவே செல்லும் ஒற்றைத் தண்டும் இரு தட்டுகளும் கொண்டது. அப்சோபர் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் உள்ள கார்களுக்கு உதவும். நடுவில் அப்சோபர் இருந்தால் உதவாது. நான்காவது, சுவரிலோ மேடையிலோ நிலையாகப் பொருத்திய கருவி. தூணை நிமிர்த்தி வைத்து, மேலும் கீழும் அகன்ற தாடைகளால் பிடித்து, கைப்பிடியாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ அமுக்குவது. சிலவற்றுக்கு முன்னால் கம்பிக் கூண்டும் உண்டு. வாரம் தவறாமல் இந்த வேலை வரும் பட்டறைக்கு நான்காவதுதான் தகும் என்றே நான் பேசிய மெக்கானிக்குகள் எல்லாரும் சொன்னார்கள். விலை அதிகம், உண்மை. பல்லின் விலை அதைவிட அதிகம்.

எதை வாங்கினாலும், கடைக்காரரிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: எத்தனை கிலோ தாங்கும்? அந்த எண் கருவியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு கணக்கில் சேராது. நம் வேலைக்கு வேண்டியதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். சின்னக் காருக்கு வாங்கியதை வேனுக்கு மாட்டக்கூடாது.

இரண்டு: எவ்வளவு அகலமான சுருளுக்கு, எவ்வளவு தடிப்பான கம்பிக்குப் பொருந்தும்? பீப்பாய் போலவும் கூம்பு போலவும் ஸ்பிரிங்குகள் வருகின்றன. நேரான சுருளுக்குச் செய்த கொக்கி அவற்றில் சரியாக உட்காராது.

மூன்று: கொக்கி நழுவினால் எது தடுக்கும்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. கொக்கியின் வாயைப் பூட்டும் ஊசியோ, இரட்டைப் பல்லோ, சுருளைச் சுற்றிப் பிடிக்கும் தாடையோ இருக்க வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கும்போது எந்தக் கருவியும் நல்ல கருவிதான். ஒன்று தவறும்போது இன்னொன்று தாங்குகிறதா என்பதைப் பார்த்துத்தான் கருவியை மதிக்க வேண்டும்.

நான்கு: மரை எப்படி? தடிப்பான, சதுரத்தை ஒட்டிய மரை நீண்ட நாள் உழைக்கும். தலைப்பில் பேரிங் இருந்தால் முடுக்குவது இலேசு. காற்றுத் துப்பாக்கியால் முடுக்கலாமா என்பதைக் குறிப்புப் புத்தகம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூடாது என்றே கொள்ளுங்கள். துப்பாக்கி மரையைச் சூடாக்கிக் கடித்துவிடும். நழுவுவதைக் கை உணரவும் விடாது.

ஐந்து: அமுக்கும்போது ஆள் எங்கே நிற்கிறான்? ஸ்பிரிங்கின் தலைக்கு நேரே முகத்தை வைத்துத்தான் முடுக்க முடியும் என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

நல்ல கருவியும் கெட்ட பழக்கத்தில் கெட்டுப்போகும். மரையைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் அசைகிறது என்று கண்ட பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்கைத் தரையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. துருப்பிடித்து விரிசல் கண்ட ஸ்பிரிங்கானால் இன்னும் எச்சரிக்கை. சங்கிலி, கம்பி, கயிறு என்று கையில் கிடைத்ததைக் கட்டி வேலை முடிக்கும் சாமர்த்தியத்தை யாரும் பாராட்டாதீர்கள். வளைந்த கருவியை, ஒட்டு வைத்த கருவியை வெட்டி எறியுங்கள். மூலையில் போட்டால் நாளைக்கு இன்னொரு பையன் எடுப்பான். நல்ல கருவி இல்லாத பட்டறைக்கு வேறு வழியும் உண்டு. ஸ்பிரிங்கோடு முழுதாகச் சேர்த்துக் கட்டிய தூண் கடைகளில் விற்கிறது. அதை அப்படியே மாற்றினால் அமுக்கும் வேலையே இல்லை.

“இதையெல்லாம் தவுக்கேயிடம் யார் சொல்வது? வேலை போய்விடுமே!” என்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது கேளுங்கள். 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பத்திரமான கருவியும் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. 20-ஆம் பிரிவு, கருவி செய்பவரையும் விற்பவரையும்கூடப் பொறுப்பாக்குகிறது. 26-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 2022-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. முதலாளி தம் கடமையைத் தவறினால் விதிக்கக்கூடிய அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளி வரை உயர்ந்துவிட்டது. உடனடி ஆபத்து உண்டென்று தெரிவித்தும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக இப்போது தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்கவும் வேண்டும்.

அடிபட்டுவிட்டால்? ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருப்பவரும் சொக்சோவில் பதிய வேண்டும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அங்கே அறிவிக்க வேண்டும். என் அக்காள் மகனின் பெயர் பதியப்படவே இல்லை என்பது அடிபட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த என் வீட்டிலேயே அப்படி நடந்ததை எண்ணி வெட்கப்பட்டேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்: “தம்பி, உனக்கு சொக்சோ கட்டுகிறார்களா?”

தாய்மார்களே, தோழர்களே! பால்வெட்டும் கத்தியை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கையில் எடுத்து, எடை பார்த்து, விரல் நுனியால் வாயைத் தொட்டுப் பார்த்துத்தானே? பட்டை காயப்படக் கூடாது என்று மரத்துக்காக அத்தனை பக்குவம் பார்க்கிறோம். பட்டறையிலே என்ன நடக்கிறது? கருவி வாங்குபவர் ஒருவர். அதன் முன் முகம் கொடுப்பவர் இன்னொருவர். வாங்குபவர் விலையைப் பார்க்கிறார். முகம் கொடுப்பவனை யாரும் கேட்பதே இல்லை. இது மாற வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். கருவி வாங்குமுன் அதைப் பிடிக்கப்போகிறவனைக் கேட்க வேண்டும். பட்டறையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்க வேண்டும். எந்தக் கருவி என்று வாங்கியது, என்று சோதித்தது, யார் சோதித்தது என்று தேதி போட்டு எழுத வேண்டும். கிராணி புத்தி அது, மன்னிக்கவும். ஆனால் எழுதி வைத்ததை யாரும் மறுக்க முடியாது. கடைசியாக, கொக்கி நழுவியும் யாருக்கும் அடிபடாத நாளில் “தப்பித்தோம்” என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அன்றே சொல்லுங்கள், அன்றே எழுதுங்கள்.

என் அக்காள் மகன் இப்போது வேறு பட்டறையில் வேலை செய்கிறான். சுவரில் பொருத்திய கருவி அங்கே இருக்கிறது. சேர்ந்த முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு வந்து, “மாமா, இதுக்கு முன்னாடி கூண்டு இருக்கு” என்றான். இரண்டு பல் கொடுத்துக் கற்ற பாடம் அது. உங்கள் பிள்ளைகள் அதை ஒன்றும் கொடுக்காமலே கற்றுக்கொள்ளட்டும்.