கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கம்பி வேண்டும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டு வகுப்பில் நிகழ்த்திய உரை)

பம்ப்செட் ஓட்டுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'நோவோல்ட் காயில்' ஒன்று உண்டு. கரண்ட் உள்ளவரை அது பிடித்திருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும், மோட்டார் நிற்கும். கரண்ட் திரும்பி வந்தாலும், ஆள் போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். அதற்குள் மோட்டாரில் கை வைத்திருப்பவனின் விரல் தப்புகிறது. அந்தக் காயிலுக்கு அறிவு கிடையாது. ஆனால் அது பொய் சொல்லாது.

ரசாயன ஆலை, எண்ணெய்க் கிடங்கு, பாய்லர் எல்லாவற்றையும் இன்று கம்ப்யூட்டர் நடத்துகிறது. அது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆலையை ஓட்டுகிற கம்ப்யூட்டரையே காவலுக்கும் வைத்தால் என்ன ஆகும்? கணக்கு எழுதுகிறவனே தணிக்கையும் செய்வது போலத்தான். அது தவறினால், ஓட்டமும் தவறும், காவலும் தவறும்.

ஆகவேதான் தனிக் கம்பி வேண்டும் என்கிறோம். தனி மானி, தனி ரிலே, தனி வால்வு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். இந்தக் கம்பியில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினாலும், கம்பியே அறுந்தாலும் ஆலை நிற்க வேண்டும். அறுந்தால் ஓடுவது காவல் அல்ல. அறுந்தால் நிற்பதுதான் காவல்.

2017-ல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோ-கெமிக்கல் ஆலையில் நடந்ததைக் கேளுங்கள். ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்துவதற்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே எதிரிகள் வெளியிலிருந்து நுழைந்து, அதன் நிரலை மாற்ற முயன்றார்கள். அந்தப் பெட்டியில் ஒரு சாவி உண்டு. மாற்றம் செய்யும்போது மட்டும் திருப்ப வேண்டிய சாவி. அது திருப்பியபடியே கிடந்தது! எதிரிகளின் வேலையில் நேர்ந்த கோளாறினால் ஆலை தானாக நின்றது. அதனால்தான் சதி வெளிப்பட்டது. நிரலைத் தொலைவிலிருந்து மாற்றலாம். ஆனால் வெறும் ரிலேயையும் கம்பியையும் மாற்ற வேண்டுமானால் ஆள் நேரில் வந்தாக வேண்டும்.

கம்பி மட்டும் இருந்தால் போதுமா? போதாது. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலை ஒரு டாங்கியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் மானி சிக்கி நின்றுவிட்டது. கண்ட்ரோல் ரூம் திரையில் மட்டம் அசையவில்லை. டாங்கியில் எண்ணெய் ஏறிக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட வேளைக்கென்றே உச்சியில் ஒரு தனி சுவிட்ச் இருந்தது. அதன் நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்த ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டு போடப்படவில்லை. அது எதற்கென்று அங்கே வேலை செய்தவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. சுவிட்ச் வேலை செய்யவில்லை. எண்ணெய் வழிந்தது, ஆவி பரவியது, கிடங்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள். ஒரு பூட்டு, தோழர்களே!

போபாலை நாம் மறக்க முடியுமா? வயலில் தெளிக்கும் 'செவின்' பூச்சிமருந்துக்காக யூனியன் கார்பைடு அங்கே விஷ திரவத்தைச் சேர்த்து வைத்திருந்தது. 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் டாங்கிக்குள் தண்ணீர் புகுந்து கொதித்தது. குளிரூட்டும் எந்திரம்? மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரம்? அதன் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அந்தப் பகுதியில் ஒரு ஷிப்டுக்கு 12 ஆட்கள் இருந்ததை 6 ஆகக் குறைத்திருந்தார்கள். காவல்கள் எல்லாம் காகிதத்தில் இருந்தன. லாபக் கணக்கு ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மாண்டார்கள்.

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு நூற்பாலை. புளோரூமில் பீட்டரின் மூடியைத் திறந்தால் எந்திரம் நிற்கும்படி ஒரு சுவிட்ச் இருந்தது. அடிக்கடி நின்றால் உற்பத்தி குறையும். மேஸ்திரி சொன்னார், நம் தோழர் ஒருவரே கம்பித் துண்டு போட்டு அந்தச் சுவிட்சை முடக்கினார். மூன்றாம் வாரம், அடைத்த பஞ்சை எடுக்கப் போன இளைஞனுக்கு நான்கு விரல்கள் போயின. விசாரணையில் மேஸ்திரி, 'நான் சொல்லவே இல்லை' என்றார். கம்பி போட்டவர் அன்று முதல் அந்தப் பையனின் முகத்தை நேரே பார்த்ததில்லை. அவரை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். பீஸ்ரேட்டும் வேலைநீக்க பயமும்தான் அவர் கையில் அந்தக் கம்பியைக் கொடுத்தன. ஆனால் அந்தக் கம்பியைப் போட மறுக்கும் பலத்தைச் சங்கம்தான் தர முடியும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: ஆபத்தான ஒவ்வொரு எந்திரத்துக்கும், ஓட்டுகிற கம்ப்யூட்டருடன் சேராத தனி நிறுத்தக் கம்பி வேண்டும்.

இரண்டு: குறித்த நாளில், சங்கப் பிரதிநிதி முன்னிலையில் அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். முடிவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

மூன்று: ரிப்பேருக்காக ஒரு காவலை முடக்க வேண்டுமானால் எழுத்தில் உத்தரவு வேண்டும், கையெழுத்தும், திரும்பப் பொருத்தும் நேரமும் அதில் இருக்க வேண்டும். வாய் உத்தரவுக்குக் கம்பி போடமாட்டோம்.

நான்கு: சிவப்புப் பொத்தானை அழுத்திய தொழிலாளிக்கு, ஆபத்து இல்லையென்று பின்னால் தெரிந்தாலும், தண்டனை கூடாது. அழுத்த பயப்படுகிறவனுக்கு முன்னால் பொத்தான் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

நாளை ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் எந்திரத்தின் நிறுத்தப் பொத்தான் எங்கே, கடைசியாக அதை எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சங்க ஆபீசுக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்!