கணக்குக்கு அஞ்சும் பிள்ளைக்கு இரண்டாவது ஆசிரியர்

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மயிலாப்பூர், இராயப்பேட்டை வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற ஒரே தகுதியோடு உங்கள் முன் நிற்கின்றேன். ஓய்வு பெற்ற பின்னர், நமது மதரஸாக் கூடத்தில் ஞாயிறுதோறும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே நான் கற்பித்ததைக் காட்டிலும் கற்றுக்கொண்டதே அதிகம். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விழைகின்றேன்.

அந்த வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எப்போதும் கடைசி வரிசையில் அமர்வான். அவனுடைய தந்தை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கின்றார். விடுமுறை நாட்களில் இவனும் உடன் செல்வான். நூற்றுக்குப் பத்து தள்ளுபடி போக என்ன விலை என்று கேட்டால், தாளும் பேனாவும் இல்லாமலே சொல்லிவிடுவான். ஆனால் கரும்பலகையில் 'எக்ஸ்' என்ற எழுத்தைக் கண்டதும் நோட்டை மூடிவிடுவான். "எனக்குக் கணக்கு வராது சார்" என்பதே அவனுடைய நிரந்தரமான பதில்.

ஒரு ஞாயிறன்று, நமது ஜமாஅத்தைச் சேர்ந்த பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் எனக்கு உதவியாக வந்தார். நான் பலகையில் எழுத, அவர் அந்தப் பையனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "எக்ஸ் 5 என்றால் 3 எக்ஸ் எவ்வளவு, தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். "35" என்றான் பையன். அவர் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. "எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டார். "3-க்குப் பக்கத்தில் எக்ஸ் இருக்கிறது. எக்ஸை எடுத்துவிட்டு 5 போட்டால் 35 தானே, அண்ணே?" என்றான் அவன்.

பெரியோர்களே, இது மூடத்தனமான விடை அன்று. 3-க்குப் பக்கத்தில் 5 வந்தால் 35 என்று முதல் வகுப்பிலிருந்து நாம்தானே அவனுக்குக் கற்பித்தோம்? எழுத்து வந்தால் மட்டும் அது பெருக்கல் ஆகிவிடும் என்பதை அவன் மனம் ஏற்கும்படி எவரும் விளக்கவில்லை. சொல்லியிருப்பார்கள், ஆனால் அவனிடம் போய்ச் சேரவில்லை. இத்தகைய விடைகளை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை சிவப்பு மையால் அடித்திருக்கின்றேன். எப்படி வந்தது என்று கேட்டதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியராக நின்றதால் நேரம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் குறை என்னுடையதே.

இந்தச் சிறு பிழையின் விலை என்ன? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35 மதிப்பெண் வேண்டும். மற்ற நான்கு பாடங்களில் தேறியவனும் கணக்கில் தவறினால் பதினோராம் வகுப்பின் கதவு அவனுக்கு அடைபடுகின்றது. துணைத்தேர்வு எழுதி மீண்டு வருவோர் உண்டு. ஆனால் அந்த இடைவெளியில் கடைக்கு வேலைக்குச் சென்று, கையில் சம்பளம் பார்த்துவிட்ட பிள்ளை மீண்டும் புத்தகத்தைத் தொடுவது அரிது. இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கு இது தெரியாத செய்தி அன்று.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டிக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர், நம் அடையாறை அடுத்த தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது பேராசிரியராக இருந்த ஆர். இராமானுஜம் அவர்கள். கணிதக் கல்வியின் முதற் சிக்கலாக அந்தக் குழு சுட்டிக்காட்டியது, பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள அச்சத்தையும் தோல்வி உணர்வையுமே ஆகும். எனவே இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஆயினும் நம் பிள்ளைகளின் அச்சத்தை நாம்தான் நீக்கியாக வேண்டும்.

இயற்கணிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அதன் வரலாறே சான்று. கலீஃபா மஃமூன் காலத்து பக்தாதில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அந்த நூலில் எக்ஸ் இல்லை, குறியீடு எதுவும் இல்லை. எல்லாம் சொற்களே. தெரியாத அளவை அவர் 'ஷைஃ', அதாவது 'ஒரு பொருள்' என்றே குறிப்பிட்டார். வாரிசுரிமை, வணிகம், நில அளவை போன்ற அன்றாடத் தேவைகளுக்காகவே அதை எழுதினார். நூலின் பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகளே.

ஆகவே நாங்களும் எக்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு, பாகப்பிரிவினையிலிருந்து தொடங்கினோம். ஒருவர் மரணித்தார். கடனும் வஸிய்யத்தும் போக எட்டு இலட்சம் ரூபாய் உள்ளது. மனைவியும் இரண்டு மகன்களும் மூன்று மகள்களும் மட்டுமே வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒரு இலட்சம் போயிற்று. மீதி ஏழு இலட்சம். மகளின் பங்கு 'ஒரு பொருள்' என்றால் மகனுக்கு இரண்டு பொருள். மகள்களுக்கு மூன்று, மகன்களுக்கு நான்கு, ஆக ஏழு பொருள் சேர்ந்து ஏழு இலட்சம். மகளுக்கு ஒரு இலட்சம், மகனுக்கு இரண்டு இலட்சம் என்று கடைசி வரிசையிலிருந்து விடை வந்தது. "நீ இப்போது போட்டதுதான் 7 எக்ஸ்" என்று சொன்னபோது அந்தப் பையன் என்னை நம்பாமல் பார்த்தான்.

அடுத்த வாரம் நாட்காட்டியை எடுத்துக்கொண்டோம். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றி, 2005-இல் மறைந்த கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அவர்களைச் சென்னைக் கணித ஆசிரியர்கள் அறிவார்கள். நாட்காட்டியைக் கொண்டு கணிதம் கற்பிப்பதற்கென்றே அவர் நூல் எழுதியிருக்கின்றார். மாதக் காலண்டரில் சதுரமாக அமைந்த நான்கு தேதிகளை எடுங்கள். 10, 11, அவற்றுக்கு அடுத்த வாரத்தில் 17, 18. குறுக்காகப் பெருக்கினால் 11-ஐ 17-ஆல் பெருக்க 187, 10-ஐ 18-ஆல் பெருக்க 180. வித்தியாசம் 7. எந்த மாதத்தில், எந்தச் சதுரத்தை எடுத்தாலும் 7 தான். ஏன் என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். முதல் தேதியை எக்ஸ் என்று வைத்தால் மற்றவை எக்ஸ் கூட்டல் 1, எக்ஸ் கூட்டல் 7, எக்ஸ் கூட்டல் 8. பெருக்கிப் பார்த்தால் மற்றவை எல்லாம் கழிந்துபோய் 7 மட்டும் எஞ்சுகின்றது. எல்லா மாதங்களுக்கும் ஒரே வரியில் விடை சொல்ல ஓர் எழுத்து தேவை என்பதை அன்று அவர்களே உணர்ந்தார்கள்.

இனி இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து கற்பிக்கும் முறையைச் சொல்கின்றேன். வகுப்புக்கு முன் கால் மணி நேரம் இருவரும் அமர்ந்து, இன்று பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று பேசிக்கொள்கின்றோம். முதலாமவர் பத்து நிமிடம் மட்டும் பலகையில் விளக்குவார். பின்னர் பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மற்றவருக்கு விளக்கிக் கணக்குப் போடுவார்கள். இரண்டாமவர் அவர்களிடையே அமர்ந்து, விடையைச் சொல்லாமல் "எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வார். கடைசிப் பத்து நிமிடம், அந்தப் பிழைகளைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி அனைவரும் சேர்ந்து ஆராய்வோம். கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் செய்துவிடும் இடர் உண்டு. அதனால் பலகைக்கு வந்து விளக்க வேண்டியவன், இணையில் தயங்கியவனே என்று விதி வைத்தோம்.

"என் மகன் படிக்க வருகிறானா, பாடம் நடத்த வருகிறானா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிறருக்கு விளக்கும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது தெரிகின்றது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1789 முதல் 1796 வரை எழும்பூர் ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவர முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். இதுவே 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலிலும், சக மாணவர் துணையோடு கற்கும் குழு இருந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மெட்ராஸ் முறை கடல் கடந்தபோது, ஆசிரியர் செலவைக் குறைக்கும் வழியாகவும், பொருள் விளங்காமல் ஒப்பிக்கும் பழக்கமாகவும் பல இடங்களில் சுருங்கிப்போயிற்று. பிள்ளைக்குப் பிள்ளை துணை ஆகலாமே தவிர, ஆசிரியருக்கு மாற்று ஆக முடியாது. அதனால்தான் பக்கத்தில் அமர்ந்து கேட்பதற்கு இரண்டாவது பெரியவர் ஒருவர் வேண்டும் என்கின்றேன்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கல்லூரியில் படிப்போரும் பணியில் இருப்போரும் ஓய்வு பெற்றோரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தாருங்கள். கணக்கில் புலமை தேவையில்லை, பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும். இரண்டாவதாக, பெண் பிள்ளைகளுக்கும் இதே வகுப்பு நடக்க இடமும், கற்பிக்கப் பெண்களும் வேண்டும். தாய்மார்கள் முன்வர வேண்டும். மூன்றாவதாக, "எனக்கும் கணக்கு வராது, அவனுக்கும் வராது" என்று வீட்டில் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

அந்தக் கடைசி வரிசைப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. தேர்வு இனிமேல்தான். தேறுவான் என்று உறுதி கூற நான் யார்? ஆனால் சென்ற ஞாயிறு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் '35' என்று எழுதியபோது, நான் எழுந்திருப்பதற்குள் இவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி வந்தது?" என்று கேட்டான்.

அவனைப் போன்றவர்களுக்குப் பக்கத்தில் அமர உங்களில் சிலர் இன்றே பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டு அமர்கின்றேன்.