எண்ணி முடிவு செய்வோம்

(காரங்காட்டில் நிகழ்த்திய உரை)



'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று சிந்தித்தல், மற்றொன்று கணக்கிடுதல். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதை உலகோர் ஒரு தனித் துறையாக வளர்த்திருக்கின்றனர். அதனை ஆங்கிலத்தில் 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' என்பர். நாம் 'செயல்முறை ஆராய்ச்சி' எனலாம். எவ்வளவு சரக்கு வாங்கி வைப்பது, எந்த வேலையை முதலில் செய்வது, பல வழிகளுள் எதனைத் தேர்ந்துகொள்வது என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதே அதன் நோக்கம். இக்கேள்விகள் பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியன அல்ல. நமது கரையிலும் களத்திலும் அவை நாள்தோறும் எழுகின்றன.

இத்துறை வலுப்பெற்றது இரண்டாம் உலகப் போரின்போது. பிரிட்டனுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களை அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தாக்கி வந்தன. ஆகவே கப்பல்கள் கூட்டமாக, போர்க்கப்பல்களின் காவலோடு சென்றன. பெருங்கூட்டமாகச் செல்வது ஆபத்து என்பது அனுபவசாலிகளின் நம்பிக்கை. பிளாக்கெட் என்னும் பௌதிக அறிஞரும் அவர் குழுவினரும் முந்தைய பயணங்களின் பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கிட்டனர். கூட்டம் பெரிதாயினும் மூழ்கும் கப்பல்களின் எண்ணிக்கை அதற்கேற்ப உயர்வதில்லை என்பது தெரியவந்தது. ஆதலின் 1943ஆம் ஆண்டிலிருந்து பெருங்கூட்டங்களாகவே கப்பல்களை அனுப்பலாயினர். நம்பிக்கையைப் பதிவேடு திருத்தியது. போருக்குப் பின்னர் இம்முறை தொழிலுக்கும் நிர்வாகத்துக்கும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டில் இத்துறைக்கென ஒரு சங்கமே தோன்றிற்று.

இனி நம் கரைக்கு வருவோம். மீன் வாங்கி விற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். படகுகள் கரை சேருமுன் அவர் ஐஸ் கட்டிகளை வாங்கி வைத்தாகவேண்டும். அன்று எவ்வளவு மீன் வரும் என்பதோ அவருக்குத் தெரியாது. அதிகமாக வாங்கினால் ஐஸ் உருகி வீணாகும். குறைவாக வாங்கினால் மீன் கெட்டு விலை விழும். கணக்குக்காக, மிஞ்சிய ஒரு கட்டியால் 100 ரூபாயும், பற்றாமற்போன ஒரு கட்டியால் 300 ரூபாயும் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். சராசரித் தேவையளவு வாங்கினால் போதும் என்று நமக்குத் தோன்றும். அது சரியன்று. பற்றாக்குறையால் வரும் நஷ்டம் மும்மடங்கு அல்லவா? 300ஐ, இரு நஷ்டங்களின் கூட்டுத்தொகையாகிய 400ஆல் வகுத்தால் முக்கால் கிடைக்கிறது. அதாவது, நான்கு நாட்களில் மூன்று நாட்களுக்குப் போதுமான அளவு வாங்கவேண்டும் என்பது பொருள்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 20 நாட்களுக்கு, நாளொன்றுக்குத் தேவைப்பட்ட கட்டிகளின் எண்ணிக்கையை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பின்னர் அவ்வெண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். 15ஆவது இடத்தில் நிற்கும் எண்ணே நீங்கள் வாங்கவேண்டிய அளவு. சில நாட்களில் ஐஸ் மிஞ்சத்தான் செய்யும். அதனைக் கண்டு மனம் கலங்கி மறுநாள் குறைத்து வாங்குவதே தவறாகும்.

அடுத்து உழவர்களுக்கான கணக்கு. திருவாடானைப் பகுதி நம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைந்த நெல், ஏறத்தாழ ஒரே காலத்தில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. அறுவடை இயந்திரமோ எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. மூவர் காத்திருக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவர் வயலுக்கு 6 மணி நேரம், மற்றொருவருக்கு 3 மணி, இன்னொருவருக்கு 1 மணி வேண்டும். பெரிய வயலில் தொடங்கினால், முதல்வர் வேலை 6 மணியிலும், அடுத்தவர் வேலை 9 மணியிலும், கடைசியானவர் வேலை 10 மணியிலும் முடியும். மூவரும் செலவிட்ட நேரம் மொத்தம் 25 மணி. சிறிய வயலில் தொடங்கினால் 1, 4, 10 என முடிகிறது. மொத்தம் 15 மணிதான். இயந்திரம் ஓடிய நேரமும் ஒன்றே, வாடகையும் ஒன்றே. வரிசையை மாற்றியதால் மட்டுமே 10 மணி நேரக் காத்திருப்பு குறைந்தது.

ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆண்டுதோறும் பெரிய வயலுக்குரியவரே கடைசியில் நிற்பது முறையாகுமா? பள்ளமான வயலில் நெல் முற்றிச் சாய்ந்திருக்க, மழையும் மிரட்டினால், அவ்வயலை முதலில் அறுப்பதன்றோ அறிவு? கணக்கு ஒவ்வொரு முடிவுக்கும் விலை என்ன என்பதைச் சொல்லும். அந்த விலையை யார் தருவது என்பதை ஊரார் கூடியே தீர்மானிக்கவேண்டும். அத்தீர்மானமும் அறுவடை தொடங்குமுன் செய்யப்படவேண்டும். இயந்திரம் வந்து நின்றபின் பேசினால், உரத்த குரலுடையவர் வயலுக்கே அது முதலில் செல்லும்.

முறை வகுத்து வாழ்வது நமக்குப் புதிதன்று. அருகிலுள்ள ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று மக்கள் போற்றுகின்றனர். இத்தகைய கண்மாய்களில் தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒருங்கே பிழைக்கவேண்டுமாயின், தண்ணீருக்கு முறை வைத்தேயாகவேண்டும். பாக் நீரிணையிலும் வாரத்தில் 3 நாட்கள் விசைப்படகுகளுக்கும், 4 நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என முறை வகுக்கப்பட்டுள்ளது. பெரிய படகின் இழுவலையால் சிறிய மீனவரின் வலை அறுபடாதிருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. இதுவும் கால அட்டவணைக் கணக்கே. அது மீறப்படும்போது இழப்பு யாரைச் சேர்கிறது என்பதை நீங்கள் நன்கறிவீர்கள்.

முறையாகத் திட்டமிட்டால் என்ன நிகழும் என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒரு மருத்துவர்முன் இரண்டு அறுவை மேசைகள் இருக்கும். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே, மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. அதன் பயனாகவே ஏழைகள் பலருக்குக் கட்டணமின்றிக் கண்ணொளி அளிக்க இயலுகிறது. அங்கே மிச்சமானது நேரம். மக்கள் பெற்றதோ பார்வை.

காரங்காட்டு அலையாத்திக் காட்டைக் காண வெளியூரார் வந்து படகேறிச் செல்கின்றனர். எந்த நாளில், எந்த மணியில், எத்தனை பேர் வருகின்றனர் என்பதை ஒரு மாதம் குறித்து வைத்தாலே, விடுமுறை நாளில் எத்தனை படகுகள் வேண்டும், மற்ற நாட்களில் எத்தனை பேர் தம் வேறு தொழிலுக்குச் செல்லலாம் என்பது விளங்கிவிடும்.

அன்பர்களே! நாம் வேண்டுவது மூன்றே. நடப்பதை நாள்தோறும் எழுதி வைப்போம். மிகுவதால் வரும் நஷ்டத்தையும் குறைவதால் வரும் நஷ்டத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முறையை முன்கூட்டியே கிராம சபையில் வகுத்து, எல்லோரும் காணுமாறு எழுதி ஒட்டுவோம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் இருந்தால் இன்றே தொடங்கலாம். கணக்கு வெளிப்படையாக இருக்கும் ஊரில் எளியவரும் தம் முறை தவறாமல் வரும் என்று நம்பிக் காத்திருப்பார். அந்த நம்பிக்கையே ஊராட்சிக்கு உயிர்.