ஒரே திராட்சை, இரண்டு பண்ணை



கேப் டவுனுக்குப் போகிறவர்கள் மேசை மலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்த மலைத்தொடரின் பின்சரிவில், நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள், கான்ஸ்டான்ஷியா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. கேப் டவுனிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் போனால் ஸ்டெல்லன்பாஷ். அதற்கும் அப்பால், மலைகள் நெருங்கிச் சூழ்ந்த ஃபிரான்ஷூக். தென்னாப்பிரிக்காவின் ஒயின் நாடு என்று இந்தப் பகுதியைச் சொல்கிறார்கள். சாலையின் இருபுறமும் திராட்சைக் கொடிகள், வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்பும் கொண்ட பழைய டச்சு வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் சுவைத்துப் பார்க்க வாருங்கள் என்று அழைக்கும் பலகைகள்.

போய்வந்தவர்களிடம் எந்தப் பண்ணை சிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பெயர் வரும். ஏன் என்று கேட்டால் பதில் தடுமாறும். முதல் பண்ணையில் வெள்ளை ஒயின் குடித்திருப்பார்கள், இரண்டாவதில் சிவப்பு, மூன்றாவதில் ஐந்தாறு வகை. மூன்றாவது பண்ணையின் தாழ்வாரத்திலிருந்து மலை அழகாகத் தெரிந்திருக்கும். இதை ஒப்பீடு என்று சொல்ல முடியாது. ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை நிலையாக நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒயின் பயணத்தில் அப்படி நிறுத்தத் தகுந்தது திராட்சை. ஒரே வகைத் திராட்சையை இரண்டு பண்ணைகளில், முடிந்தால் ஒரே நாளில், சுவைத்துப் பாருங்கள். மண்ணும் காற்றும் மனிதக் கையும் செய்கிற வேலை அப்போதுதான் நாக்குக்குத் தெரியும்.

இதைச் செய்து பார்க்க கான்ஸ்டான்ஷியாவை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் இங்கே நிலம் பெற்றுத் தோட்டம் போட்டார். 1712இல் அவர் இறந்தபின் அந்தப் பெரிய பண்ணை துண்டுகளாகப் பிரிந்தது. அந்தப் பழைய நிலத்தில் அமைந்த இரண்டு பண்ணைகள் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஒயின் செய்கின்றன. ஒன்று க்ரூட் கான்ஸ்டான்ஷியா, மற்றது க்ளைன் கான்ஸ்டான்ஷியா. 1778இல் க்ரூட் கான்ஸ்டான்ஷியாவை வாங்கிய ஹெண்ட்ரிக் க்ளோட்டே காலத்தில் இங்கிருந்து போன இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளின் மேசையில் ஏறியது. செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கு இந்த ஒயின் கப்பலில் போயிற்று. 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில், காதல் முறிந்து கிடக்கும் பெண்ணுக்கு மருந்துபோல ஓர் அம்மாள் எடுத்து வருவதும் கான்ஸ்டான்ஷியா ஒயின்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி கேப் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1885இல் க்ரூட் கான்ஸ்டான்ஷியா அரசாங்கத்தின் கைக்குப் போனது. அந்த இனிப்பு ஒயின் மறைந்தே போனது. 1980இல் க்ளைன் கான்ஸ்டான்ஷியாவை வாங்கிய ஜூஸ்ட் குடும்பத்தினர் மஸ்கட் கொடிகளைத் திரும்ப நட்டு, 1986ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து 'வின் டி கான்ஸ்டன்ஸ்' என்ற பெயரில் அதற்கு உயிர் கொடுத்தார்கள். பிறகு க்ரூட் கான்ஸ்டான்ஷியாவும் 'கிராண்ட் கான்ஸ்டன்ஸ்' என்று தன்னுடையதைச் செய்யத் தொடங்கியது.

இரண்டுக்கும் மூலம் மஸ்கட் திராட்சை. பழுத்ததும் பறித்துவிடாமல் கொடியிலேயே விட்டுவைக்கிறார்கள். பழம் சுருங்கி, நீர் வற்றி, சர்க்கரை செறிந்து, உலர்திராட்சையை நெருங்கும்போது பறிக்கிறார்கள். ஒரு கொத்திலிருந்து கிடைக்கும் சாறு மிகக் கொஞ்சம். அதன் மணத்தைச் சொல்ல நமக்கு வார்த்தை தேட வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை முகர்ந்தவர்களுக்கு அது பாதி தெரிந்த மணம். பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதன் பெற்றோரில் ஒன்று அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். அந்த அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட்டின் பெற்றோரில் ஒன்றுதான் கான்ஸ்டான்ஷியாவில் விளையும் சிறுமணி மஸ்கட். ஆக, தேனி மாவட்டத்துப் பழத்துக்கு கான்ஸ்டான்ஷியாப் பழம் பாட்டன் முறை. ரோஜாப் பன்னீரின் சாயல் அந்தக் குடும்பத்தின் சொத்து.

காலையில் ஒன்று, நடுப்பகலுக்குள் மற்றது என்று இரண்டு பண்ணைகளிலும் கேட்டுச் சுவைத்துப் பாருங்கள். முதலில் கிண்ணத்தைச் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். க்ரூட் கான்ஸ்டான்ஷியாவில் வெள்ளை மஸ்கட்டோடு சிவப்பு மஸ்கட்டும் சேர்வதால் நிறம் சற்று ஆழ்ந்திருக்கும். பிறகு முகருங்கள். ஆரஞ்சுத் தோல், தேன், உலர்ந்த ஆப்ரிகாட் என்று ஒவ்வொன்றாக மேலே வரும். வாயில் வைத்ததும் இனிப்பை அளக்காதீர்கள், இனிப்பு இரண்டிலும் தாராளம். அந்த இனிப்பைப் பிடித்து நிறுத்தும் புளிப்பு எவ்வளவு என்று பாருங்கள். விழுங்கியோ துப்பியோ முடித்தபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். என் தீர்ப்பைக் கேட்டால், க்ளைன் கான்ஸ்டான்ஷியாவின் ஒயின் ஒருபடி மேல். அதன் தோட்டங்கள் மலைச்சரிவில் ஏறிப் போகின்றன, கீழே ஃபால்ஸ் விரிகுடாவிலிருந்து வரும் கடல் காற்று பழத்தின் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. இனிப்பு தித்திக்கிறது, திகட்டுவதில்லை. உங்கள் நாக்கு வேறு தீர்ப்பு சொல்லலாம். ஒரே திராட்சையைச் சுவைத்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

துப்புவது பற்றிச் சொன்னேன். அதை நாகரிகக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். சுவைக்கூடங்களில் ஒவ்வொரு மேசையிலும் படிக்கம் வைத்திருப்பது அதற்காகத்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். ஒரு பண்ணையில் ஐந்து வகை ஊற்றுவார்கள். மூன்று பண்ணை போனால் பதினைந்து. விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது பண்ணையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஒப்பிடுவதற்கு நாக்கில் ஒன்றும் மிஞ்சாது. நாளுக்கு மூன்று பண்ணை போதும். இடையில் தண்ணீரும் ரொட்டியும் வேண்டும். அன்று வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாதீர்கள், உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் அது கெடுக்கும். வண்டியைக் குடிக்காதவர் ஓட்டட்டும். ஃபிரான்ஷூக்கில் 2012 முதல் பண்ணைக்குப் பண்ணை ஏறி இறங்கும் டிராம் ஓடுகிறது. அந்த ஊருக்கு அதுவே சரியான வழி.

ஸ்டெல்லன்பாஷ் வேறு உலகம். 1679இல் உருவான ஊர், பெயரும் அதே ஆளுநருடையது. இங்கே 1971இல் மூன்று பண்ணைக்காரர்கள் சேர்ந்து நாட்டின் முதல் ஒயின் வழித்தடத்தை ஏற்படுத்தினார்கள். அதுவரை பண்ணை வாசலில் நின்று சுவைத்து வாங்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. இங்கே நிலையாக நிறுத்தவேண்டிய திராட்சை பினோடாஜ். அது இந்த மண்ணிலேயே பிறந்தது. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் ஆப்ரஹாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் 1925இல் பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வகைகளை இனக்கலப்புச் செய்தார். கிடைத்தவை நான்கு விதைகள். தம் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார், தோட்டம் புதராகியது. அதைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்த நேரத்தில், அந்த வழியாக சைக்கிளில் வந்த சார்லி நீஹவுஸ் என்ற இளம் விரிவுரையாளர் நாற்றுகளைக் காப்பாற்றினார் என்று அங்கே சொல்கிறார்கள். இன்று உலகத்தில் உள்ள பினோடாஜ் எல்லாம் அந்த நான்கு நாற்றுகளின் வழி வந்தவை.

இந்தத் திராட்சைக்குக் கெட்ட பெயரும் உண்டு. நொதிக்கும்போது கவனம் தவறினால் பெயின்ட் நாற்றம் வரும். துருப்பிடித்த ஆணி என்று பிரிட்டிஷ் வல்லுநர்கள் ஒரு காலத்தில் பழித்தார்கள். ஆகவே செய்பவரின் திறமை எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ள இதைவிட நல்ல பரீட்சை இல்லை. சீமோன்ஸ்பெர்க் மலையடியில் கனோன்கோப் என்ற பண்ணை. பீரங்கிக் குன்று என்று பொருள். கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, காய்கறியும் பழமும் கொண்டுவாருங்கள் என்று உள்நாட்டு விவசாயிகளுக்குப் பீரங்கி சுட்டு அறிவித்த இடம். அங்கே பழைய பினோடாஜ் கொடிகள் பந்தலும் கம்பியும் இல்லாமல் குட்டைப் புதராக நிற்கின்றன. திறந்த சிமென்ட் தொட்டிகளில் நொதிக்க வைத்து, மேலே மிதக்கும் தோலை ஆட்கள் கையால் அமுக்கிவிடுகிறார்கள். அங்கே பல ஆண்டுகள் ஒயின் செய்தவர் பேயர்ஸ் ட்ரூட்டர். 1991இல் லண்டன் போட்டியில் உலகின் சிறந்த ஒயின் செய்பவர் என்று அவருக்கு விருது கிடைத்தபின்தான் பினோடாஜை உலகம் திரும்பிப் பார்த்தது. அவருடைய சொந்தப் பண்ணை பேயர்ஸ்க்ளூஃப், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஒரே திராட்சை, ஒரே கைப்பழக்கம். ஒரு பண்ணையின் உயர்ந்த ஒயின் பத்து ஆண்டு நிலவறையில் காத்திருக்கச் செய்தது. மற்றதன் சாதாரண பாட்டில் இன்றிரவு சாப்பாட்டோடு குடிக்கச் செய்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து இது மட்டம் என்று தள்ளுவது நியாயமில்லை. எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சில பினோடாஜ்களில் காப்பி மணமும் சாக்லேட் மணமும் தூக்கலாக இருக்கும். பலருக்குப் பிடிக்கிறது. அந்த மணம் பழத்தினுடையது அல்ல, உள்ளே தீயில் நன்றாக வாட்டிய ஓக் பீப்பாய் கொடுப்பது. எத்தனை மாதம் மரத்தில் இருந்தது, புதுப் பீப்பாயா பழையதா என்று ஊற்றித் தருபவரிடம் கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

சிவப்பைத் தாண்டி வெள்ளைக்கு வந்தால், ஷெனின் பிளாங் என்ற வகைதான் இந்த நாட்டில் அதிகப் பரப்பில் விளைகிறது. 35 வயது தாண்டிய கொடிகளின் ஒயினுக்கு, நட்ட ஆண்டைக் குறித்துத் தனி முத்திரை ஒட்டுகிறார்கள். பார்த்தால் ஒரு கிண்ணம் கேளுங்கள்.

இப்போது, எந்தச் சுவைக் குறிப்பிலும் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். க்ரூட் கான்ஸ்டான்ஷியாவின் பழைய மாளிகை இன்று அருங்காட்சியகம். அந்தத் தோட்டத்தை வெட்டி, நட்டு, பழம் பறித்து, மிதித்துச் சாறெடுத்தவர்கள் அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, இந்தியா என்று பல கரைகளிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் அவர்களைக் கொண்டுவந்தன. நம் சோழமண்டலக் கரையும் அதில் ஒன்று. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. பஞ்சம் வந்தபோது அந்தக் கரையில் மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். கேப் ஆவணங்களில் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை. கிறிஸ்தவப் பெயரோ மாதத்தின் பெயரோ சூட்டி, பின்னால் வங்காளத்தைச் சேர்ந்தவன், மலபாரைச் சேர்ந்தவள், கரையைச் சேர்ந்தவன் என்று எழுதியிருக்கிறார்கள். கரை என்றால் பல வேளைகளில் நம் கரை. அந்தப் பண்ணையை நிறுவிய ஆளுநரின் தாய்வழிப் பாட்டியே இந்தியக் கரையோரத்துப் பெண். அப்படியிருந்தும் அவர் அடிமைகளை வைத்துத்தான் தோட்டம் நடத்தினார். 1834இல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டு கட்டிவைத்து, 1838இல்தான் விட்டார்கள்.

அதன் பிறகும் கொடுமை வேறு உருவில் தொடர்ந்தது. டாப் முறை என்பார்கள். கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுப்பது, நாளுக்குப் பல தடவை. சட்டம் தடுத்த பின்னும் 1990கள் வரை சில பண்ணைகளில் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்றாக இந்த ஒயின் நாடு அமைந்த மாகாணம் இன்றும் இருப்பதற்கு இந்த வரலாறு ஒரு காரணம். அழகான தாழ்வாரத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைச் சுழற்றும்போது இதை மறந்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

அதனால் பண்ணைகளை ஒப்பிடும் என் குறிப்பேட்டில் நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு இவற்றுக்குக் கீழே இன்னொரு வரி உண்டு. இந்தப் பழத்தைப் பறித்தவர்கள் யார், எங்கே குடியிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள்? 2002இல் தொடங்கிய வீட்டா என்ற அமைப்பு தொழிலாளர் நிலையைச் சோதித்துப் பண்ணைகளுக்குச் சான்று தருகிறது, பாட்டிலில் அதன் முத்திரையைப் பார்க்கலாம். முத்திரை இருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள். சில சுவைக்கூடங்களில் பேச்சை மாற்றிவிடுவார்கள். சிலவற்றில் தொழிலாளர் பங்குதாரராக இருக்கும் ஒயின் ஒன்றை எடுத்துவந்து வைப்பார்கள். அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் போனால், பறிப்பவர்களைத் தோட்டத்திலேயே பார்த்துப் பேசவும் முடியும்.