வரையாட்டின் வீட்டு வாசலில்

மூணாறு போய் வருகிறவர்கள் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்று உண்டு. சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, வனத்துறைப் பேருந்தில்தான் ஏற வேண்டும், இராஜமலைப் பகுதியைத் தாண்டவும் முடியாது. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் ஓர் ஓரத்தை மட்டும் காட்டுவதா என்கிறார்கள். அந்தக் கெடுபிடிதான் நமக்கு லாபம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, செங்குத்துப் பாறைகளில் வாழும் கூச்சக்காரப் பிராணி. ஆனால் இராஜமலையில் பாதையோரமாகவே நின்று, நம்மைப் பொருட்படுத்தாமல் புல் மேய்கிறது. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டையாடிய மலை இது. 1978இல் தேசியப் பூங்காவானது. துப்பாக்கியும் துரத்தலும் ஓய்ந்த இடத்தில்தான் காட்டு விலங்குக்கு இந்த அலட்சியம் வரும்!

குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவையே மூடிவிடுகிறார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது நஷ்டம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தாயும் குட்டியும் மிரண்டு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டால், மற்ற மாதங்களில் அங்கே யார் வருவார்கள்? ஆனைமுடிச் சிகரத்தின் 2,695 மீட்டர் உயரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். குறிஞ்சிப் பூவுக்கோ 2030 வரை காத்திருக்க வேண்டும். பூங்கா திறந்திருக்கும் நாளெல்லாம் கூட்டத்தை இழுப்பது வரையாடுதான். ஆகவே கோடையில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், பூங்கா திறந்துவிட்டதா என்று முதலில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். வரையாட்டுக்குப் பிஸ்கட் மட்டும் நீட்டாதீர்கள்.