சாய்ந்த மரமும் நசுங்கிய காரும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. மும்பையில் வாழும் நமக்கோ, ஆனி பிறந்தவுடனே சாலையோரத்துக் குல்மொகர் மரங்களைப் பற்றிய அச்சமும் பிறந்துவிடுகிறது. இரவில் நிறுத்திய கார் காலையில் கிளைகளுக்கடியில் கூரை நசுங்கிக் கிடக்கிறது. வாங்கிய கடனின் தவணையோ இன்னும் தீரவில்லை. மரத்துக்கு உடையவரே நஷ்டஈடு தரட்டும் என்று சொல்லத் தோன்றும். சட்டம் அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்வதில்லை.

மரம் வளாகத்துக்குள் நின்றதாயின் குடியிருப்புச் சங்கத்தையும், நடைபாதையில் நின்றதாயின் மாநகராட்சியையும் கேட்கவேண்டும். ஆனால் உடைமை ஒன்றே பொறுப்பாகிவிடாது. கவனக்குறைவு இருந்ததென்பதை நாம் மெய்ப்பித்தாக வேண்டும்.

1975-இல், அலுவலகத்துக்குப் புறப்பட்டு ராஜ்கோட் வந்த ஒருவர்மீது சாலையோர மரம் விழுந்து அவர் மாண்டார். மாநகராட்சியே பொறுப்பு என்றது குஜராத் உயர் நீதிமன்றம். 1997-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. மரம் விழுமென்று மாநகராட்சி முன்னறிந்திருக்க இயலாது என்பது அதன் கருத்து. இதே உச்ச நீதிமன்றம், 1951-இல் தில்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், 1966-இல் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியிருந்தது. எண்பது ஆண்டுப் பழைய கூண்டைச் சோதித்திருக்க வேண்டாமா என்று கேட்டது. செங்கல்லுக்கும் சாந்துக்கும் ஆயுட்கணக்கு உண்டு. பச்சை இலையோடு நிற்கும் மரத்தின் உள் உளுப்பு வெளியே தெரிவதில்லை. வேறுபாடு நமக்குப் புரிகிறது. ஆயினும் அந்த மனிதரின் குடும்பத்தை நினைக்கையில் மனம் சமாதானமடையவில்லை.

ஆகவே, ஆபத்து உடையவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா என்பதே வழக்கின் உயிர். பட்ட கிளை, அடிமரத்தில் முளைத்த காளான், ஒருபுறமாகச் சாயத் தொடங்கிய தண்டு ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. இவற்றை மழைக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, முத்திரையிட்ட நகலை வைத்திருப்பவரின் கை ஓங்கும். நம் குடியிருப்பிலும் ஒருமுறை, “அப்போதே சொன்னோமே!” என்றோம். படிக்கட்டில் நின்று வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது?

சங்கம் தன் விருப்பப்படி மரத்தை வெட்டிவிட முடியாது என்பதும் உண்மை. 1975-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆனால் எச்சரிக்கை கிடைத்தபின்னும் விண்ணப்பமே செய்யாதிருந்தால் அச்சட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்ள இயலுமா? “தெய்வச் செயல்” என்ற வாதமும் எப்போதும் செல்லாது. மழைக்காலத்தில் பெய்த 2.66 அங்குல மழையில் சுவர் இடிந்த வழக்கொன்றில், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மும்பை மாநகராட்சிமீது வழக்கிடுவோர் ஒரு மாத முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆறு மாதத்துக்குள் வழக்கும் தொடர வேண்டும். தில்லி அன்பர்களுக்கு முன்னறிவிப்பு இரண்டு மாதம்.

வழக்கு முடியும்வரை கார் நசுங்கியே கிடக்க வேண்டுமா? சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் வேண்டியதில்லை. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ளவர்க்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. எதுவாயினும், கிளைகளை அகற்றுமுன் மரத்தின் அடிப்பகுதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். உளுப்பு இருந்ததென்றால் அது அங்கேதான் தெரியும். மாநகராட்சி ஆட்கள் ரம்பத்தோடு வந்துவிட்டால் அச்சான்று லாரியேறிப் போய்விடும்.