கேட்டதை மறக்காத கடை



கோயம்புத்தூர் பக்கத்தில் மோட்டார் பம்ப், கிரைண்டர், விசைத்தெளிப்பான் விற்கும் கடைகளுக்கு இன்றைக்கு விசாரணை எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஷட்டரை இறக்கிய பிறகும் வரும். இரவு பத்து மணிக்குப் பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டை யாரோ படம்பிடித்து அனுப்பியிருப்பார். விடியற்காலையில் தோட்டத்தில் நின்றபடியே ஒருவர் குரல் பதிவு போட்டிருப்பார். எல்லாமே வாட்ஸ்அப். அந்த வாட்ஸ்அப்பை, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சிஆர்எம் மென்பொருளோடு இணைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சிஆர்எம் என்றதும் பெரிய கம்பெனி சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பற்று நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவோமே, அதுபோல ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அவர் என்ன கேட்டார், என்ன விலை சொன்னோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த மென்பொருள் நம் ஊரிலேயே செய்யப்படுகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ நிறுவனம் 2005இலேயே தன் சிஆர்எம்மை வெளியிட்டுவிட்டது. வாட்ஸ்அப் பிறந்ததே 2009இல்தான். கடைகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது. மற்ற மென்பொருள்களோடு இணைப்பதற்கான வழியை அதே ஆண்டு ஆகஸ்டில் திறந்தார்கள்.

இரண்டையும் எதற்காக இணைக்க வேண்டும்? நான் கூடவே இருந்து பார்த்த ஒரு விற்பனையைச் சொல்கிறேன். பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு பம்ப் கடைக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "போர் 800 அடிங்க. ஆறரை இஞ்ச். மோட்டார் 700 அடியில நிக்கோணும். மூணு பேஸ் கரண்ட்டுங்க. பழைய மோட்டார் காயில் போயிருச்சு. தென்னைக்குத்தான் தண்ணி, அவசரமுங்க." அரை நிமிடம்கூட இருக்காது. இதற்குமேல் ஒரு விற்பனையாளருக்கு என்ன வேண்டும்? ஆழம், குழாய் அகலம், மோட்டார் இறங்க வேண்டிய மட்டம், மின்சாரம், பயிர், அவசரம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அந்தப் பதிவைக் கேட்ட பையன் மறுநாள் லீவு. வேறொருவர் கடையிலிருந்து கூப்பிட்டு, "அண்ணா, போர் எத்தனை அடிங்க?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். "நேத்தே சொன்னேனுங்களே தம்பி" என்று பதில் வந்தது. மூன்றாவதாக முதலாளி பேசினார். அவரும் அடி எத்தனை என்றுதான் தொடங்கினார். அதற்குள் விவசாயி வேறு கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அந்த இன்னொரு கடை சொன்ன விலை குறைவு என்றுகூட யாரும் சொல்லவில்லை. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்ல வைத்தால் மனிதருக்கு அலுப்புத் தட்டும். காய்ந்துகொண்டிருக்கும் தென்னந்தோப்பு அவர் கண்ணுக்கு எதிரே நிற்கும்போது அந்த அலுப்பு கோபமாகவும் மாறும்.

நேயர்களே, இந்த இணைப்பில் நான் மனதாரக் கொண்டாடுவது அந்த அலுப்பைத் தீர்க்கும் இடத்தைத்தான். இணைத்துவிட்டால், கடை எண்ணுக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் அனுப்பியவரின் பக்கத்தில் போய் உட்காரும். புது எண்ணாக இருந்தால் புதுப் பக்கம் திறக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அடுத்து யார் போனை எடுத்தாலும் திரையில் எல்லாம் தெரியும். "700 அடியில இறக்கணும்னு சொன்னீங்க. தென்னைக்குத் தண்ணி எத்தனை மணி நேரம் பாய்ச்சுவீங்கண்ணா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அப்படிக் கேட்டதும் எதிர்முனையில் குரலே மாறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நம் பேச்சை இவர்கள் காதில் வாங்கியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் விலைப் பேச்சே சுமுகமாக நடக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்பு அந்தக் குரல் பதிவைக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். அதைக் கேட்டு, ஆழம் என்ற கட்டத்தில் 800 என்றும், மின்சாரம் என்ற கட்டத்தில் மூன்று பேஸ் என்றும் எழுதுவது கடையில் இருக்கும் ஒருவரின் கை. ஆகவே, எந்தக் கடைக்குப் போனாலும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் அங்கே நன்றாக விற்பவர் யாரோ அவரோடு உட்கார்ந்துவிடுவேன். "ஆள் வந்ததும் முதலில் என்ன கேட்பீர்கள்?" என்பேன். அவர் கேட்கும் ஐந்தாறு கேள்விகள்தான் அந்தக் கடையின் கட்டங்கள். பம்ப் கடைக்கு ஆழம், ஜவுளிக் கடைக்கு முகூர்த்தத் தேதி, கிரைண்டர் கடைக்கு வீட்டில் எத்தனை பேர் என்பது. மென்பொருளோடு வரும் ஆயத்தக் கட்டங்கள் வேறு ஏதோ தொழிலுக்குச் செய்தவை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டால் பாதி காலியாகத்தான் கிடக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் ஊரில் வாட்ஸ்அப் எண் ஒருவருடையது, தோட்டம் ஒருவருடையது, பில் இன்னொருவர் பெயரில். கல்லூரியில் படிக்கும் மகள் செய்தி அனுப்புவாள், எந்த மோட்டார் என்பதை அப்பா முடிவு செய்வார், பணத்தை அம்மா எண்ணிக் கொடுப்பார். மென்பொருளுக்கோ போன் எண் ஒன்றுதான் தெரியும். அதனால் 'பேசுபவர்', 'முடிவு செய்பவர்' என்று இரண்டு கட்டங்களைத் தனித்தனியாகவே வைக்கச் சொல்வேன். அந்த மகளிடம் மரியாதையாகப் பேசி, "அப்பா எப்பம்மா வீட்ல இருப்பாங்க, நான் கூப்பிடட்டுங்களா?" என்று கேட்கத் தெரிந்த கடைக்கு அந்தக் குடும்பமே வாடிக்கையாகிவிடும்.

விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இணைப்பு உங்களைக் கண்காணிக்கத்தான் என்ற பயம் பல கடைகளில் இருக்கிறது. ஆனால் நடந்த ஒன்றைக் கேளுங்கள். கிரைண்டர் ஷோரூம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண், மகனின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் பேசி வைத்திருந்த வாடிக்கையாளர் அன்றைக்குத்தான் "எடுத்துக்கறேன்" என்று செய்தி அனுப்பினார். அந்த வாடிக்கையாளரின் சிஆர்எம் பக்கத்தில் முன்பேச்சு முழுவதும் இருந்ததால் இன்னொருவர் பில் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக்கு உரியவர் என்று அந்தப் பெண்ணின் பெயரே இருந்ததால் ஊக்கத்தொகையும் அவருக்கே வந்தது. லீவு எடுத்தாலும் உழைப்பு காணாமல் போவதில்லை. பேசி வைத்தவருக்கே ஊக்கத்தொகை என்பதை முதலாளிகள் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால், சொந்த போனில் வைத்திருக்கும் எண்களை ஊழியர்கள் தாங்களாகவே கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

சரி, நேரம் ஓடுகிறது. செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் ஓரிருவர்தான் என்றால் பிசினஸ் செயலியே போதும். ஒரு போனோடு இன்னும் நான்கு கருவிகளை இணைத்துக்கொள்ளலாம். வண்ண லேபிள்களால் பேச்சைப் பிரித்து வைக்கலாம். அதற்குமேல் ஆள் இருந்தால் சிஆர்எம்மோடு அதிகாரபூர்வ வழியில் இணையுங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் அனுப்பலாம் என்று யாராவது குறுக்குவழி காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் அந்த எண்ணையே முடக்கிவிடக்கூடும். பல வருடமாகப் பெயர்ப்பலகையில் எழுதிய எண் அது.

இணைப்பதற்கு முன் எண்களைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே ஆளின் எண் ஓரிடத்தில் பூஜ்யத்தோடும், இன்னோரிடத்தில் 91 போட்டும் இருந்தால் மென்பொருள் அவரை இரண்டு ஆளாக்கிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, எல்லா எண்ணையும் பிளஸ் 91 என்றே தொடங்கும்படி மாற்றிவிடுங்கள்.

அடுத்தது 24 மணி நேர விதி. அதிகாரபூர்வ இணைப்பில், வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு நீங்கள் எதையும் தாராளமாக எழுதலாம், கட்டணமில்லை. அவர் மறுபடி எழுதினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த நேரம் கடந்துவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகத்தைத்தான் அனுப்ப முடியும். 2025 ஜூலையிலிருந்து அதற்குச் செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம். விளம்பரச் செய்திக்கு ஒரு விலை, டெலிவரி போன்ற தகவல் செய்திக்கு வேறு விலை. ஆகவே பதிலை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பணமும் மிச்சம், வாடிக்கையாளருக்கும் மனநிறைவு.

அனுமதி கேட்காமல் யாருக்கும் ஆஃபர் அனுப்பாதீர்கள். நிறையப் பேர் உங்களை பிளாக் செய்தால் உங்கள் எண்ணின் தர மதிப்பீடு இறங்கும். 2023இல் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. ஒருவர் மோட்டார் வாங்குவதற்காகத் தன் எண்ணைத் தந்தால், அந்த எண் அந்த வேலைக்குத்தான். "வேண்டாம்" என்று அவர் எழுதினால் அன்றைக்கே அவர் பக்கத்தில் குறித்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

எண்களைச் சுத்தம் செய்வது, உங்கள் கடையின் கேள்விகளைக் கட்டங்களாக்குவது, ஒரே நாளுக்குள் பதில், அனுமதியோடு மட்டுமே ஆஃபர். இவ்வளவும் கைகூடினால் சின்னஞ்சிறு ஊரின் கடைகூடப் பெரிய நிறுவனத்துக்கு ஈடாக வியாபாரம் பேசலாம். நாளைக் காலை கடை திறந்ததும் உங்களிடம் நன்றாக விற்பவரை அழைத்து, அவர் முதலில் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மென்பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்களிடம் பொருள் கேட்டு வருகிற யாரும் ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்ல வேண்டிய தேவையே வராதிருக்கட்டும். வியாபாரம் பெருகட்டும்.